தனகோட்டி தரகரின் அசதி

சிறுகடம்பூர் தரகர் தனகோட்டி, டீக்கடையில் டீ வாங்கினால் முதலில் கிளாசை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பாலில் எவ்வளவு தண்ணீர், கிளாசைக் கழுவினானா இல்லையா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயில் வைப்பார். ரேஷன் கடைக்குப் போனால் எடைக்கல்லைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். செஞ்சிக் கோட்டை ஏற வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. “இந்த வெயில்ல எவனாவது சும்மா மலை ஏறுவானா? எத்தையோ தேடிக்கினு வந்துருக்கான்” என்பார். போட்டோ எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வருகிறவனுடைய பையைக்கூட ஒரு பார்வை பார்த்துத்தான் அனுப்புவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மாட்டுத் தரகில் பாதி ஆயுளைக் கழித்தவர். செஞ்சிச் சந்தையில் மட்டுமல்ல, அனந்தபுரம், மேல்சித்தாமூர் பக்கமெல்லாம் ஒரு ஜோடி எருது கைமாறினால் நடுவில் தனகோட்டியின் துண்டு இருக்கும். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. தரகர் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்கு அடியில் சேரும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். முதலில் பிடிக்கிற விரல் ஒருபோதும் உண்மையான விலையாக இருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அங்கிருந்து இழுத்து, கோபித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து போய், மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து, அப்புறம்தான் ஒரு நடு இடத்துக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பில் உள்ளதைச் சொல்லிவிடுகிறவனைப் பற்றித் தனகோட்டிக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். ஓய்ந்துபோன மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவன் என்னென்ன செய்வான் என்பது. விடியற்காலையில் உப்புப் போட்ட தவிடு காட்டுவான். மாடு தாகத்தில் தண்ணீராகக் குடித்து வயிறு புடைத்து நிற்கும். கொம்புக்கு எண்ணெய் தடவுவான், வெல்லம் கொடுப்பான், வாங்க வருகிறவனைக் கண்டதும் வால் பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு கிள்ளு கிள்ளுவான். துடியாக நிற்கிற மாடு ஏருக்குப் போகும். தலை தொங்கின மாடு அடிமாட்டு லாரிக்குப் போகும். சந்தையில் ஒரு மாட்டின் தலையெழுத்து அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கன்னத்துக்குள் புண் வந்தது. போயிலையை ஒரே பக்கம் அடக்கி வைத்த கன்னம். முதலில் பல் குத்தியது என்றார். அப்புறம் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று சந்தேகப்பட்டு, கூடத் தரகு பார்க்கிற கௌஸ் பாஷாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பாவம், கௌஸ் பாஷாவுக்குக் காரணமே தெரியாது. கடைசியில் திண்டிவனத்து டாக்டர் பார்த்துவிட்டு, இது நம் கையில் இல்லை என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு டாக்டர் டார்ச் அடித்து, நாக்கை ஒதுக்கி, விரலை விட்டு வாயைப் பார்த்தார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதும் இப்படித்தான் என்று தனகோட்டிக்குத் தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், அந்த இடமே அவருக்கு ஒரு சந்தையாகிவிட்டது.

புற்று என்றார்கள். ஆறேழு வாரம் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும் என்றார்கள். சனி, ஞாயிறு மிஷினுக்கு லீவு. மற்ற நாளெல்லாம் வர வேண்டும், நடுவில் விட்டுவிடக் கூடாது. முழுதாக வைத்துக்கொண்டால் பிழைக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தனகோட்டியின் மனைவி அம்மாக்கண்ணு அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பூட்டி, ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, ஒரு பாய், ஒரு செம்பு, ஒரு ஸ்டவ்வோடு புருஷனுக்குப் பின்னால் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்து வராந்தாவில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை பஸ் ஏறி செஞ்சிக்கு வருவதும் திங்கட்கிழமை விடியலில் திரும்பிப் போவதுமாக நாள் ஓடியது.

இராமச்சந்திரன் வந்தது இரண்டாவது வாரத்தில். ஒல்லியான பையன், படித்த களை, கையில் ஒரு அட்டை. கரண்ட் வைத்துக்கொள்கிறவர்களுக்கு என்ன அசதி வருகிறது, சாப்பிட முடிகிறதா, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று வாராவாரம் கேட்டு ஆராய்ச்சி செய்கிறானாம். டாக்டர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்களாம்.

“இதுல எனக்கு இன்னா சார் லாபம்?” என்று தனகோட்டி நேராகவே கேட்டார்.

“உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுங்க ஐயா. பின்னாடி வரப்போற நோயாளிங்களுக்கு உதவும்.”

“உனக்கு?”

“எனக்குப் படிப்பு முடியும்.”

ஒரு படிப்பை முடிக்க ஒருத்தன் அடுத்தவனுடைய அசதியை எழுதிக்கொண்டு திரிவான் என்பதைத் தனகோட்டி நம்பவில்லை. ஆனால் அந்தப் பையன் போகிற வழியாகவும் இல்லை. பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, “அசதியே இல்லன்னா பூஜ்யம். படுத்த படுக்கை, எழுந்திரிக்கவே முடியலன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவுன்னு விரல்ல காட்டுங்க” என்றான்.

துண்டு இல்லாமல் நாலு பேருக்கு முன்னால் விரலைக் காட்டுவதா! தனகோட்டிக்கு வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி இருந்தது. தயங்கித் தயங்கி இரண்டு விரலை நீட்டினார். சந்தைக் கணக்கில் அது ஆரம்பம்தான். பையன், ‘என்னங்க ஐயா, இரண்டா? மூஞ்சியைப் பார்த்தால் ஏழு இருக்கும் போலிருக்கே’ என்று இழுப்பான். இவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். நாலில் முடிக்கலாம் என்று இவர் மனதுக்குள் வைத்திருந்தார். பையனோ இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லை, பெரிதாக எதையோ மறைக்கிறவனாக இருக்க வேண்டும். இராமச்சந்திரனைப் பார்த்தால் ஏமாளியாகத் தெரியவில்லை.

அந்த வாரமே அவருடைய சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. சத்திரத்தில் இவர்களுக்குப் பக்கத்துப் பாயில் அனந்தபுரத்துக் கோதண்டராமன் இருந்தார். கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், தொண்டையில் நோய். வெள்ளந்தியான மனுஷன். இராமச்சந்திரன் கேட்டதும் ஒளிவு மறைவில்லாமல், “கால எடுத்து வெக்க முடியல தம்பி. சோத்தப் பெசையவே கை அசந்து போவுது. ஒம்போதுன்னு போட்டுக்க” என்றார். தனகோட்டி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் கோதண்டராமனுடைய பாய் இல்லை, மூட்டை இல்லை, ஆள் இல்லை. சத்திரத்துக் காவல்காரனைக் கேட்டதற்கு, “டாக்டர் ஊருக்கு அனுப்பிட்டாருய்யா. கரண்டு இப்ப வேணாம்னுட்டாங்களாம்” என்றான்.

அவ்வளவுதான். தனகோட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேறுகிற ஆளுக்குக் கரண்ட். தேறாத ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மிஷின் ஒன்று, வரிசையோ வாசல்வரை நிற்கிறது. யாரைக் கழிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அட்டையோடு இந்தப் பையன்.

“பாத்துக்க” என்று அம்மாக்கண்ணுவின் காதுக்குள் சொன்னார். “தலை தொங்குனா லாரிதான். எவன் கேட்டாலும் எனக்கு அசதியே இல்ல. தெரிதா?”

அன்றிலிருந்து அவர் தன்னையே சந்தைக்குத் தயார் செய்தார். இராமச்சந்திரன் வருகிற நாளில் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருவார். வாய் முழுக்க வெந்து போயிருந்தது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. வேட்டியை இடுப்பில் நிறுத்தக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. இருந்தாலும் அந்தப் பையனைக் கண்டால் விறைப்பாக எழுந்து நிற்பார். அம்மாக்கண்ணுவை முன்னாலேயே, “போய் டீ வாங்கியா” என்று துரத்திவிடுவார். அவளுக்கு நடிக்க வராது என்பது அவருக்குத் தெரியும். விரல் இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. ஒரு தடவை துணிந்து பூஜ்யமே காட்டிவிட்டார். பையன் எழுதிக்கொண்டான்.

உண்மையில் அவருக்கு வந்திருந்தது இதுவரை பார்க்காத ஒரு அசதி. சந்தைக்காக ராவெல்லாம் மாடு ஓட்டி நடந்த நாளில் வந்த அசதி ஒரு தூக்கம் தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறக்கும்போதே, இன்றைக்கு எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று மலைப்பாக இருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி சிறுகடம்பூர் போவதற்குள் கடை கடையாக உட்கார்ந்துதான் போக முடிந்தது. உட்காருவதற்கு ஒவ்வொரு கடையிலும் ஒரு சாக்கு வைத்திருந்தார்: இங்கே பருத்திக்கொட்டை விலை விசாரிப்பு, அங்கே யாரோ தர வேண்டிய பாக்கி. கௌஸ் பாஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணே, ஒரு காலுக்கு ஓய்வு குடுத்து ஒரு கால்ல நிக்கிற. உள்ளுக்குள்ள முடியாத மாடுதான் அப்டி நிக்கும்” என்றார். என்னுடைய வாடிக்கையைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று தனகோட்டி முடிவு கட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை கரண்ட் அறைக்குள் அவர் போயிருந்த நேரத்தில் அம்மாக்கண்ணு இராமச்சந்திரனைத் தேடிப் போனாள். அதுவரை அந்தப் பையனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. “தம்பி, அவரு சொல்றது அத்தனையும் பொய்யி. பஸ் ஏறவே ரெண்டு பேரு தூக்கிவுட வேண்டியதா இருக்குது. என் கண்ணு முன்னாடி ஆளு கரைஞ்சிக்கினு போவுது” என்று ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டாள். பையன் டாக்டரிடம் போனான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் தனகோட்டியைக் கூப்பிட்டு, ரத்தம் மிகக் குறைந்திருக்கிறது, வாயும் தாங்காது, பத்து நாள் கரண்டை நிறுத்தி வைப்போம், மாத்திரை தருகிறேன், பால், முட்டை, கூழ் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள், மிச்சத்தை வைத்து முடிக்கலாம் என்றார். வர வேண்டிய தேதியையும் அழுத்திச் சொன்னார். தனகோட்டியின் காதில் நிறுத்தி வைப்போம் என்பதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.

சத்திரத்தில் பாயைச் சுருட்டும்போது கேட்டார், “எவன் சொன்னான் அந்தப் பையன்கிட்ட?”

அம்மாக்கண்ணு மறைக்கவில்லை. “நான்தான் சொன்னேன்.”

“தரகு எவ்ளோ வாங்குன?”

அவள் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். இதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. பஸ்ஸில் அவர் முன் சீட்டிலும் அவள் பின் சீட்டிலும் உட்கார்ந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பத்து நாள் வந்தது, போயிற்று. தனகோட்டி கிளம்பவில்லை. கழித்துக் கட்டினவன் வாசலில் போய் நிற்க நான் என்ன மானங்கெட்டவனா என்பது அவர் பேச்சு. அம்மாக்கண்ணு கெஞ்சினாள், திட்டினாள், திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் மங்கையை வரவழைத்தாள். மகள், “நைனா, ஒரு தடவ போய்ட்டு வா நைனா” என்று காலைப் பிடித்தாள். அவளுக்கும் ஆத்தாளோடு கூட்டு என்று அவர் மகளையும் சந்தேகித்தார். மாத்திரையை மட்டும் விழுங்கினார். அதையும் அம்மாக்கண்ணு எதையாவது கலந்திருப்பாளோ என்று மோந்து பார்த்து. மாத்திரையும் ஓய்வும் சேர்ந்து உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. அதையும் அவர் டாக்டருக்கு எதிரான சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டார். பார்த்தாயா, கரண்ட் இல்லாமலே தேறிக்கொண்டேன் என்றார். கன்னத்துக்குள் பழைய இடத்தில் மறுபடியும் சுருக்கென்று குத்த ஆரம்பித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. சந்தைக்குப் போகத் தொடங்கினார். துண்டுக்கு அடியில் பேசுகிற தொழிலுக்கு வாய் எதற்கு? ஒரு சந்தை நாளில் கறவை மாடுகள் பக்கம் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கம்மல் குரல் கேட்டது.

“தரகரே, நல்ல கறவையா ஒண்ணு பாத்துக் குடுய்யா.”

திரும்பினார். அனந்தபுரத்துக் கோதண்டராமன் நின்றுகொண்டிருந்தார். தனகோட்டி மனதுக்குள் என்றைக்கோ கருமாதி செய்து முடித்த மனுஷன், சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, வெற்றிலைக்கறை போன வெள்ளைப் பல்லோடு சிரித்தார்.

“நீ… உன்ன அனுப்பிட்டாங்களே?”

“ஆமாம். ரத்தம் கம்மின்னு ரெண்டு வாரம் ஊருக்கு அனுப்பினாங்க. சொன்ன தேதிக்குப் போயி மிச்சக் கரண்டையும் வெச்சிக்கினு வந்துட்டேன். கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன், அதுக்கேத்த வைத்தியம் பண்ணாங்க. பால் நெறைய குடிக்கச் சொன்னாங்க, அதான் மாடு. நீ முழுசா முடிச்சிட்டியா?”

தனகோட்டிக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இவனை அந்த இராமச்சந்திரன் அனுப்பியிருப்பானோ என்பதுதான். பிறவிக் குணம்! நெருங்கிப் போய்க் கோதண்டராமனுடைய சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். கழுத்துத் தோல் இரண்டு பக்கமும் கருத்து, தீய்ந்து, புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. கரண்ட் முழுசாகப் பட்ட தோல். அது பொய் சொல்லாது. தனகோட்டி பக்கத்து மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாய்யா, மாட்ட வுட்டுட்டு என்னப் புடிச்சிப் பாக்குற?” என்று கோதண்டராமன் சிரித்தார்.

தனகோட்டி அந்த மாட்டையும் பார்க்கவில்லை, விலையையும் பேசவில்லை. கயிற்றைப் பக்கத்தில் நின்ற கௌஸ் பாஷாவின் கையில் திணித்துவிட்டுச் சந்தையிலிருந்து வெளியே நடந்தார். வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் மெய்யாகவே போனது அதுதான் முதல் தடவை. அது நாடகம் என்று நினைத்துக் கௌஸ் பாஷா வெகுநேரம் அவர் திரும்பி வருவார் என்று காத்துக்கொண்டிருந்தாராம்.

வீட்டில் அம்மாக்கண்ணு கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். தனகோட்டி வாசலில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “காலைல மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றார்.

“எங்க போவ?”

“ஆஸ்பத்திரிக்கு.”

அவள் முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். “யாருக்குத் தரகு? எனக்கா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. சந்தையில் கோதண்டராமனைப் பார்த்ததை மட்டும் சொன்னார். கழுத்துத் தோலைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், “தப்பு பண்ணிட்டேன்டி” என்றார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பாயையும் ஸ்டவ்வையும் எடுத்து மூட்டை கட்டினாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து நாளில் வரச் சொன்னேனே ஐயா என்றார். திட்டியிருந்தால்கூடத் தனகோட்டிக்குத் தேவலாம் போலிருந்தது. புண் பழைய இடத்தைத் தாண்டிப் பரவியிருந்தது. கரண்டைத் திரும்ப ஆரம்பிக்கலாம், ஆனால் முன்பு சொன்ன உறுதியை இப்போது சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற சொல்லைத் தனகோட்டி ஆயுள் முழுக்கச் சந்தையில் பயன்படுத்தியவர். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. செத்துப் போய்விடுவோம் என்ற பயம் மட்டுமில்லை. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பதும்தான்.

இராமச்சந்திரன் அட்டையோடு வந்தான். இவர்களைப் பார்த்ததில் அவனுக்கு மெய்யான சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்தான். வழக்கம்போல அம்மாக்கண்ணு எழுந்து, “டீ வாங்கியாறேன்” என்று செம்பை எடுத்தாள்.

“வேணாம், உக்காரு” என்றார் தனகோட்டி. “சார், நான் சொன்னதெல்லாம் பொய்க் கணக்கு. அத்த அடிச்சிடு. இனிமே இவளக் கேட்டு எழுதிக்க.”

“நீங்கதான் ஐயா சொல்லணும். உங்க அசதி உங்களுக்குத்தானே தெரியும்?”

“அவளுக்குத் தெரியும். கேளு.”

பையன் கொஞ்சம் யோசித்தான். அவன் படித்த முறைக்கு அது ஒத்துவராது போலிருக்கிறது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பினான். அம்மாக்கண்ணு முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றாள். முகம் கழுவ உட்கார்ந்தால் எழ முடியாமல், பல் தேய்க்கிற மாதிரி அங்கேயே இருப்பார் என்றாள். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதே இல்லை, தலைவழியாகப் போட்டுக்கொள்வார். பொத்தான் போட விரலில் தெம்பு இல்லை. சந்தையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாடு ஓடிவிடும் என்று இல்லை, தான் விழுந்துவிடாமல் இருக்க.

தனகோட்டி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இதில் ஒன்றுகூட அவர் அவளிடம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

“கோவம் அதிகமா வருதாம்மா அவருக்கு?” என்று பையன் கேட்டான்.

“பொழுதினிக்கும் கத்துவாரு தம்பி. ‘அம்மாக்கண்ணு, எங்கடி தொலைஞ்ச’ன்னு தெருவுக்கே கேக்கும். அது கோவம் இல்ல. எழுந்து வந்து தண்ணி மொண்டுக்க முடியல, மெதுவாக் கூப்ட்டா எனக்குத் தெரிஞ்சிடும்னு கத்துறாரு. நானும் அவரு திட்டுறாருன்னு திட்டிக்கினேதான் தண்ணி கொண்டு போவேன்.”

இதைக் கேட்டதும் தனகோட்டிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. அந்தக் கத்தல் எதற்கென்று அவருக்கே அதுவரை தெரியாது.

“அசதி எவ்வளவு போடலாம்மா?”

“எட்டு” என்றாள். சற்று யோசித்து, “ஒம்போது” என்றாள்.

தனகோட்டியின் உதடு பழக்க தோஷத்தில் அசைந்தது. ஏழு என்று சொல்ல வந்தவர் அடக்கிக்கொண்டார். “அத்தயே போட்டுக்க சார்” என்றார்.

பையன் எழுதினான். எழுதி முடித்து அட்டையை மூடப் போகும்போது அம்மாக்கண்ணு அவன் கையைப் பிடித்தாள்.

“தம்பி, நான் உள்ளதச் சொன்னதுக்காக மறுபடியும் கரண்ட நிறுத்திட மாட்டீங்களே? நெஜத்தச் சொல்லு.”

“டாக்டர்தாம்மா முடிவு பண்ணணும். ரத்தம் பார்ப்பாங்க” என்றான் பையன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“நிறுத்துனா ஊருக்குப் போவோம்” என்றார் தனகோட்டி. “சொன்ன தேதிக்குத் திரும்பி வருவோம்.”

அம்மாக்கண்ணு பையன் கையை விடாமலே திரும்பி, புருஷன் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவர் சொல்வதை அவள் நம்பவில்லை.